மூன்று விலைப்புள்ளிகள், 3.4 லட்சம் முதல் 7.1 லட்சம் வரை: சுமை தாங்கும் சுவரை எடுக்கும் வேலைக்கு எதை வைத்து முடிவு செய்வது?

செங்கல்வீடு86 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தாம்பரத்தை அடுத்த பகுதியில் என் பெற்றோர் 1986இல் கட்டிய வீடு எங்களுடையது. தரைத்தளம் முழுவதும் 9 அங்குலச் செங்கல் சுவர்களின் மேல் நிற்கிறது. தூண் ஒன்றுகூடக் கிடையாது. 1998இல் அதே சுவர்களின் மேல் முதல் மாடியை எழுப்பினோம். இரண்டு தளங்களுக்கும் கான்கிரீட் கூரைதான். அம்மாவுக்கு இப்போது 74 வயது. நடமாடுவதற்குச் சக்கர நாற்காலி தேவைப்படுகிறது என்பதால் கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டு ஒரே இடமாக்க விரும்புகிறோம். கூடம் 12க்கு 16 அடி, சாப்பாட்டு அறை 10க்கு 16 அடி. நடுவிலுள்ள 16 அடிச் சுவரில் 13 அடிக்குத் திறப்பு வேண்டும். அந்தச் சுவருக்கு நேர் மேலே மாடியிலும் 9 அங்குலச் சுவர் ஒன்று இருக்கிறது. இதோடு, தரைத்தளக் குளியலறையின் கூரையில் காரை பொரிந்து உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. அதையும் சரி செய்ய வேண்டும்.

மூவரிடம் விலை கேட்டேன். முதலாமவர் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார்: சுவரை எடுத்து இரும்பு பீம் வைத்து, குளியலறைக் கூரையைப் பழுது பார்த்து, பூசி, வண்ணம் அடிக்க மொத்தம் 3,40,000 ரூபாய், 12 நாள், பாதிப் பணம் முன்னதாக. பீமின் அளவைக் கேட்டபோது எட்டு அங்குல ஐ-பீம் ஒன்று போதும் என்றார். இரண்டாமவரின் விலைப்புள்ளி இரண்டு பக்கம். 250 மில்லிமீட்டர் ஐ-பீம்கள் இரண்டு, இருபுறமும் சுவரில் 9 அங்குலம் உட்காரும் என்றும், குளியலறையில் 60 சதுர அடி பழுதுபார்ப்பு என்றும் எழுதி 5,85,000 ரூபாயும் ஜிஎஸ்டி தனியாகவும் கேட்கிறார். இடிபாடு அகற்றுவதும் வண்ணம் அடிப்பதும் அதில் இல்லை. மூன்றாமவர், கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடக் கட்டணம், திறப்பின் இருபுறமும் புதிய கான்கிரீட் தூண்கள், அவற்றுக்கு ஃபுட்டிங் (தூணின் அடியில் மண்ணுக்குள் போடும் கான்கிரீட் அடிமானம்), இரும்பு பீம், இடிபாடு அகற்றுதல், வண்ணம் எல்லாம் சேர்த்து, ஜிஎஸ்டியையும் உள்ளடக்கி 7,10,000 ரூபாய் என்கிறார். குளியலறையை 40 சதுர அடி என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் போனால் சதுர அடி விலைப்படி கூடும் என்று குறித்திருக்கிறார். 45 நாள் ஆகுமாம். மின்கம்பிகளை மாற்றுவதும் தரை டைல்ஸை ஒட்டுப்போடுவதும் அவர் கணக்கில் இல்லை.

உறவினர்கள் நடுவில் இருப்பவரை எடு என்கிறார்கள். ஒரு சுவரை எடுக்க எதற்காகப் புதிதாகத் தூண் எழுப்ப வேண்டும், மூன்றாமவர் வேலையைப் பெருக்கிக் காட்டுகிறாரா என்ற ஐயமும் எனக்கு உண்டு. இந்த மூன்றையும் எப்படி எடை போடுவது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கட்டமைப்பு_கோவை எழுதியது:

ஐயா, நீங்கள் அறைகளின் அளவைக் கொடுத்திருப்பதால் ஓரளவு கணக்கிட்டே பேசலாம். உங்கள் கையில் இருப்பவை ஒரே வேலைக்கான மூன்று விலைகள் அல்ல. மூன்று வெவ்வேறு வேலைகளுக்கான விலைகள். எந்த வேலை உங்கள் வீட்டுக்குத் தேவை என்பது முடிவாகும் வரை தொகைகளை அருகருகே வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை.

அந்தச் சுவர் இப்போது என்ன தாங்குகிறது என்று பாருங்கள். கூரை பெரும்பாலும் குறுகிய பக்கமாகவே சுமையைக் கடத்தும் என்பதால், கூடத்தின் பாதியான 6 அடியும் சாப்பாட்டு அறையின் பாதியான 5 அடியும் சேர்ந்து 11 அடி அகலத்துக் கூரை அந்தச் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 13 அடித் திறப்புக்கு அது 143 சதுர அடி. ஐந்து அங்குலக் கான்கிரீட்டின் சொந்த எடை சதுர அடிக்கு ஏறத்தாழ 30 கிலோ, தளப்பூச்சும் டைல்ஸும் 10 கிலோ, மனிதர்களுக்கும் பொருட்களுக்கும் 20 கிலோ என்று 60 கிலோ வைத்தால் ஒரு தளத்துக்கு 8.6 டன். மொட்டைமாடிக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. நடுவில் நிற்கும் மாடிச் சுவர், பத்தடி உயரம் என்று கொண்டால், இருபக்கப் பூச்சோடு சேர்த்து 5.8 டன். ஆக மொத்தம் 23 டன். நீங்கள் சுவரை எடுக்கும் நாளில் இந்த 23 டன்னுக்கும் வேறு வழி காட்டியாக வேண்டும்.

எட்டு அங்குல ஐ-பீம் என்று முதலாமவர் சொன்னது வழக்கமாகக் கிடைக்கும் 200 மில்லிமீட்டர் ஐ-பீமான ஐஎஸ்எம்பி 200 ஆகத்தான் இருக்கும். 13 அடி இடைவெளியில் இந்தச் சுமைக்குத் தேவைப்படும் வளைவு வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அந்த ஒற்றை பீமுக்கு உண்டு. அதை வைத்தால் உடனே விழுந்துவிடும் என்று நான் சொல்லவில்லை; வளைந்து, மாடிச் சுவரில் படிப்படியாக விரிசல் விட்டு, கதவு நிலைகள் இறுகி, பிறகு என்ன ஆகும் என்று யாரும் உறுதி கூற முடியாத நிலைக்கு அது போகும். இத்தனைக்கும் இரும்பில் அவர் மிச்சப்படுத்துவது பெரிய தொகை அல்ல. 200 அளவு பீம் மீட்டருக்குச் சுமார் 25 கிலோ, 250 அளவு சுமார் 37 கிலோ. இருபுறம் உட்காரும் நீளத்தையும் சேர்த்து நாலரை மீட்டருக்கு முதலாமவரின் இரும்பு 110 கிலோ சொச்சம், இரண்டாமவரின் இரண்டு பீம்கள் 330 கிலோ. இந்த 220 கிலோ வித்தியாசத்துக்கு இரண்டரை லட்சம் ஆகாது. அப்படியானால் மலிவு வேறு எங்கிருந்தோ வருகிறது. பெரும்பாலும் அது முட்டுக் கொடுப்பதிலும், சுமை போய்ச் சேரும் இடத்தைக் கவனிக்காமல் விடுவதிலும் இருக்கும்.

இரண்டாமவரின் பீம் அளவு ஏற்கத்தக்கதற்கு அருகில் இருக்கிறது. கீழ்நோக்கிய தொய்வைச் சரிபார்த்த பிறகே இறுதி செய்ய வேண்டும். ஆனால் அவருடைய விலைப்புள்ளியின் குறை பீமில் இல்லை, பீமின் இரு முனைகளில் இருக்கிறது. 23 டன்னில் பாதியாகிய 11.5 டன் ஒவ்வொரு முனையிலும் இறங்கும். 9 அங்குலத்துக்கு 9 அங்குலம் இடத்தில் அதை நேரடியாக உட்கார வைத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 22 கிலோ அழுத்தம் விழுகிறது. 1986ஆம் ஆண்டுச் சூளைச் செங்கல் சுவருக்கு நாங்கள் பொதுவாக அனுமதிப்பது 5 முதல் 7 கிலோ வரைதான். அடியில் கான்கிரீட் பெட் பிளாக் போட்டு அழுத்தத்தைப் பரப்பலாம் என்றால், திறப்புக்குப் பின் இருபுறமும் உங்களுக்கு மிஞ்சுவது ஒன்றரை அடிச் சுவர் மட்டுமே. அந்த முழு ஒன்றரை அடியிலும் பரப்பினாலும் 11 கிலோ வருகிறது. அந்தத் துண்டுச் சுவர் ஏற்கெனவே சுமக்கும் எடை இதில் சேரவில்லை.

ஆகவே மூன்றாமவர் தூண் கேட்பது வேலையைப் பெருக்கிக் காட்டுவது ஆகாது. மண்ணின் தாங்குதிறனைச் சதுர மீட்டருக்கு 10 டன் என்று அடக்கமாக எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு தூணுக்கும் நாலடிச் சதுர ஃபுட்டிங் தேவைப்படும். அந்தச் செலவு மற்ற இருவர் தாளிலும் இல்லை. திறப்பை 13 அடியிலிருந்து 9 அல்லது 10 அடியாகக் குறைத்துக்கொள்ள நீங்கள் சம்மதித்தால், இருபுறமும் மூன்று முதல் மூன்றரை அடி வரை சுவர் மிஞ்சும். அப்போது தூணே இல்லாமல் நீளமான பெட் பிளாக்குகளோடு முடிக்க முடியுமா என்று ஒரு பொறியாளர் பார்த்துச் சொல்ல வாய்ப்பு உண்டு. சக்கர நாற்காலி தடையின்றித் திரும்ப 9 அடி தாராளம். விலைப்புள்ளி கேட்பதற்கு முன்பே இந்தக் கேள்வியை ஒருவர் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

மூவரிடமும் ஒரே ஒரு கேள்வியை நேரில் கேளுங்கள்: சுவரை இடிக்கும் நாளில் மாடியின் எடை எதன் மேல் நிற்கும்? விவரம் தெரிந்தவர் உடனே முட்டுகளைப் பற்றிப் பேசுவார். மாடியிலும் கீழேயும் சுவரின் இருபுறமும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஜாக்கிகள் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய இரும்பு முட்டுகள்) நிறுத்துவது, அவற்றின் அடியில் தரை டைல்ஸ் நொறுங்காதபடி பலகை போட்டு எடையைப் பரப்புவது, சுவரை ஒரேயடியாக இடிக்காமல் ஒரு பக்கம் நாலரை அங்குலம் மட்டும் வெட்டி முதல் பீமைச் செருகி, மேலே சுருங்காத கிரவுட் (இடைவெளியை நிரப்பி இறுகும் கலவை) அடைத்து, அது இறுகிய பிறகே மறுபக்கத்தை வெட்டுவது என்று வரிசையாகச் சொல்வார். 'நாங்கள் எத்தனையோ வீட்டில் செய்திருக்கிறோம், கவலைப்படாதீர்கள்' என்று மட்டும் பதில் வந்தால் அவருடைய விலை எவ்வளவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

மூன்றாமவரிடம் கேட்க வேண்டியதும் உண்டு. புதுத் தூண்களுக்குக் குழி தோண்டும்போது பழைய சுவரின் அடிமானம் பக்கவாட்டில் வெறுமையாகும். இரண்டு குழிகளையும் ஒரே நேரத்தில் தோண்டக் கூடாது. பழைய அடிமானத்தின் மட்டத்துக்குக் கீழே போவதாக இருந்தால் அதற்கென்று தனி ஏற்பாடு வேண்டும். புதிய ஃபுட்டிங் சுமை ஏறியதும் சிறிதளவு அமிழும், பழைய சுவர் அமிழாது. இதற்கு அவர் வைத்திருக்கும் வழி வரைபடத்தில் இருக்க வேண்டும். தூணுக்கு 40 மில்லிமீட்டர், ஃபுட்டிங்குக்கு 50 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்) என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 கேட்கும் குறைந்த அளவு. அதையும் கான்கிரீட்டின் கிரேடையும் (வலிமைத் தரத்தையும்) விலைப்புள்ளியிலேயே எழுதச் சொல்லுங்கள். 45 நாள் என்பதைக் குறையாக எண்ண வேண்டாம். ஏழு நாளில் கான்கிரீட் தன் வலிமையில் மூன்றில் இரண்டு பங்கையே எட்டுகிறது. தூண் வார்த்த அதே வாரத்தில் அதன் மேல் 11 டன்னை ஏற்ற நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மதுரைவாசி எழுதியது:

மேலே உள்ளவர் சொன்னதை ஐந்தாண்டுகளுக்கு முன்பு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் என் வீடு இன்று வேறு மாதிரி இருந்திருக்கும். நாங்களும் கூடத்தை அகலப்படுத்த ஒரு சுவரை எடுத்தோம். ஒரு வரி மதிப்பீடு, 2,75,000 ரூபாய். விலை குறைவு என்பதைவிட, அவர் பேசிய நம்பிக்கையான பேச்சில்தான் நாங்கள் ஒப்புக்கொண்டோம் என்பதே உண்மை. வேலை தொடங்கிய மூன்றாம் நாள் இடிபாடு ஏற்றிச் செல்ல வண்டிக்கூலி தனி என்றார். பிறகு சுவருக்குள் ஓடிய மின்கம்பிகளுக்குத் தனிக் கூலி, தரையை ஒட்டுப்போட டைல்ஸ், பூச்சுக்குக் கூடுதல் சிமெண்ட் என்று ஒவ்வொன்றாக வந்தது. சுவர் பாதி இடிந்து நிற்கும் வீட்டில் இருந்துகொண்டு யாரால் பேரம் பேச முடியும்? முடிவில் 4,60,000 ரூபாய் ஆனது.

பணத்தைவிட வலித்தது வேறொன்று. வேலை முடிந்து இரண்டு மாதத்தில் மாடியில் என் மகள் அறைக் கதவு சாத்த முடியாமல் இறுகியது. மழைக்காலத்தில் மரம் ஊறியிருக்கும் என்று தச்சரை அழைத்து இழைத்துவிட்டோம். கோடையில் மறுபடியும் இறுகியது. அப்போதுதான் ஒரு பொறியாளரை வரவழைத்தோம். நிலையின் மேல் மூலையிலிருந்து சாய்வாக ஓடிய விரிசலைக் காட்டி, கீழே வைத்த பீம் தொய்ந்திருக்கிறது என்றார். பீமின் அடியில் இப்போது நடுக்கூடத்தில் ஒரு இரும்புத் தூண் நிற்கிறது. எதற்காகச் சுவரை எடுத்தோமோ அதுவே இல்லாமல் போயிற்று.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இரண்டு. வேலை தொடங்குவதற்கு முன்பே வீட்டில் இப்போது இருக்கும் ஒவ்வொரு விரிசலையும் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்து, விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். பிற்பாடு 'இது பழைய விரிசல்' என்ற பேச்சுக்கு இடம் இருக்காது. அடுத்து, விலைப்புள்ளியில் சேராதவை எவை என்பதை ஒப்பந்ததாரரின் கையாலேயே எழுதி வாங்குங்கள். சேர்ந்தவற்றை எல்லோரும் எழுதுவார்கள். சேராதவற்றை எழுதுபவர் வேலை நடுவில் உங்களை நெருக்க மாட்டார் என்று ஓரளவு நம்பலாம். அந்த வகையில் உங்கள் மூன்றாமவர் மின்கம்பியும் டைல்ஸும் இல்லை என்று முதலிலேயே சொல்லியிருப்பது எனக்கு நல்ல அறிகுறியாகத் தெரிகிறது.

சிறு_ஒப்பந்ததாரர் எழுதியது:

நான் இந்தத் தொழிலில் 19 ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் பக்கத்தையும் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன். வரைபடம் இல்லாமல் ஒருவர் 'இந்தச் சுவரை எடுக்க என்ன ஆகும்' என்று கேட்கும்போது, எங்களில் ஒவ்வொருவரும் மனத்தில் ஒரு வேலையைக் கற்பனை செய்துகொண்டு அதற்கு விலை சொல்கிறோம். பயந்த சுபாவம் உள்ளவர் கூட்டிச் சொல்வார். வேலை கிடைத்தால் போதும் என்பவர் குறைத்துச் சொல்வார். ஆகவே முதலில் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை நீங்களே தனியாக அமர்த்துங்கள். ஒப்பந்ததாரர் மூலமாக வேண்டாம். அவர் அளந்து, கணக்கிட்டு, வரைபடமும் அளவுப் பட்டியலும் தரட்டும். அந்த ஒரே பட்டியலை மூவரிடமும் கொடுத்து ஒவ்வொரு வரிக்கும் விலை எழுதச் சொன்னால், எவர் எந்த இடத்தில் கூட்டுகிறார், எந்த இடத்தில் குறைக்கிறார் என்பது வரிக்கு வரி தெரிந்துவிடும். மூன்றாமவரின் பொறியாளர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவருக்குக் கூலி கொடுப்பவர் யார் என்பது முக்கியம்.

இப்போதிருக்கும் தாள்களை வைத்தே ஒன்றைக் கவனியுங்கள். இரண்டாமவரின் 5,85,000 ரூபாயோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 6,90,300 ரூபாய். மூன்றாமவரின் தொகைக்கும் இதற்கும் 19,700 ரூபாய்தான் வித்தியாசம். இடிபாடு அகற்றுவதையும் வண்ணத்தையும் சேர்த்தால் இரண்டாமவர் மூன்றாமவரைத் தாண்டிவிடுவார், அதுவும் தூணும் ஃபுட்டிங்கும் வரைபடமும் இல்லாமல். நடுவில் இருப்பவரை எடு என்ற உங்கள் உறவினர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஜிஎஸ்டி தனி என்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குவதும் அவசியம். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு ஒப்பந்ததாரர் பதிவு செய்யக் கடமைப்பட்டவர் அல்லர். பதிவு இல்லாதவர் அந்த வரியை உங்களிடம் வசூலிக்கவும் கூடாது.

குளியலறைக் கூரையைப் பொறுத்தவரை, 40 சதுர அடி, 60 சதுர அடி என்று இருவரும் எழுதியிருப்பது ஊகமே. வெளியே பார்க்க மூன்றடி பொரிந்திருக்கும். தட்டிப் பார்த்தால் ஆறடிக்குப் 'பொத்' என்று ஓசை வரும். விலை இறுதியாகும் முன்பு சுத்தியலால் கூரை முழுவதையும் தட்டி, ஓசை மாறும் எல்லையைச் சுண்ணக்கட்டியால் வரைந்து அளந்துகொள்ளுங்கள். ஓர் இடத்தில் ஒரு சதுர அடி உடைத்து, உடைந்த புதுப் பரப்பில் ஃபீனால்ப்தலீன் கரைசலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இளஞ்சிவப்பாக மாறினால் அந்தக் கான்கிரீட் இன்னும் கம்பியைக் காக்கிறது. நிறம் மாறாவிட்டால் காக்கும் தன்மையை இழந்துவிட்டது. அந்த நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தாண்டிவிட்டதா என்பதைப் பொறுத்து வேலையின் அளவே மாறும். சதுர அடி விலை மட்டும் போதாது, அந்த விலைக்குள் என்ன செய்வார்கள் என்பதும் வேண்டும்: கம்பியின் பின்புறமும் விரல் நுழையும் அளவுக்குக் காரையை எடுப்பார்களா, துருவைச் சுரண்டித் தேய்ப்பார்களா, விட்டம் குறைந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி கட்டுவார்களா, எந்தக் கலவையை எத்தனை மில்லிமீட்டருக்கு நிரப்புவார்கள்? மேலே மாடிக் குளியலறையின் ஒழுகலை நிறுத்தாமல் கீழே எதைப் பூசினாலும் மூன்று மழைக்காலம் தாங்காது. அந்த ஒழுகலைப் பற்றி மூவரில் ஒருவரும் எழுதவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

முன்பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாதிப் பணம் முன்னதாகக் கேட்பது நியாயம் இல்லை. அதே நேரத்தில் 10 சதவீதம் மட்டும் கொடுத்துவிட்டு இரும்பு இறங்கவில்லையே என்று கேட்பதும் எங்களுக்குச் சிரமம். 20 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. இரும்பையும் சிமெண்டையும் நீங்களே கடையில் நேரடியாகப் பணம் கட்டி இறக்கிக்கொண்டால் முன்பணத் தேவை இன்னும் குறையும், எடைச்சீட்டும் உங்கள் கையில் இருக்கும். மீதியை நாள் கணக்கில் கொடுக்காமல், முட்டுக் கொடுத்து முடிந்ததும் ஒரு பங்கு, பீம் உட்கார்ந்து கிரவுட் அடைத்ததும் ஒரு பங்கு, முட்டு எடுத்த பிறகு ஒரு பங்கு என்று வேலையின் கட்டங்களோடு பிணையுங்கள். கடைசி 5 சதவீதத்தை ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும் வரை வைத்துக்கொள்வதாக முன்கூட்டியே எழுதிக்கொண்டால் நேர்மையானவர் எவரும் மறுக்க மாட்டார்.

கட்டமைப்பு_கோவை எழுதியது:

தனிப் பொறியாளர் பற்றிச் சொன்னதை முழுமையாக ஆமோதிக்கிறேன். ஒரு திருத்தம் மட்டும்: இரும்பை வீட்டுக்காரர் வாங்குவதாக இருந்தால், பீமின் நீளத்தையும் வெட்டும் அளவையும் எழுத்தில் ஒப்பந்ததாரரிடமிருந்து பெற்ற பிறகே வாங்க வேண்டும். நாலரை மீட்டர் பீம் அரை அடி குறைந்து வந்து, முனையில் துண்டு ஒட்டிப் பற்றவைத்த வீட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பற்றவைப்பு பீமின் முழு வெட்டுவிசையையும் தாங்க வேண்டிய இடத்தில் இருந்தது. யார் வாங்குவது என்ற வசதிக்காக யாருடைய பொறுப்பு என்பது மங்கிவிடக் கூடாது.

செங்கல்வீடு86 எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. கடந்த பத்து நாட்களில் நடந்ததைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து ஒரு கட்டமைப்புப் பொறியாளரை நாங்களே கட்டணம் கொடுத்து அழைத்தோம். சுவரின் இரு முனைகளிலும் பூச்சை ஓரடி அகலத்துக்குக் கொத்திப் பார்த்தார். ஒரு முனையில் சாந்து கையால் சுரண்டினாலே உதிர்ந்தது. 1986இல் சிமெண்ட் தட்டுப்பாட்டில் அப்பா எப்படியெல்லாம் சமாளித்தார் என்று அம்மா அப்போதுதான் எங்களிடம் சொன்னார். அந்த முனையில் பெட் பிளாக் மட்டும் போட்டு நிறுத்தப் பொறியாளர் ஒப்பவில்லை. திறப்பை 10 அடியாகக் குறைத்து, பலவீனமான முனையில் ஒரு தூணும் ஃபுட்டிங்கும், நல்ல நிலையில் இருக்கும் மறுமுனையில் மூன்றரை அடி நீளப் பெட் பிளாக்கும் போதும் என்று வரைபடம் கொடுத்திருக்கிறார். கூடத்தின் நடுவில் சக்கர நாற்காலியை வைத்து 10 அடிக்கு வெள்ளைக்கோடு போட்டு அம்மாவையே ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். தாராளமாகத் திரும்பினார்.

நீங்கள் சொன்ன கேள்வியை மூவரிடமும் கேட்டேன். முதலாமவர் சவுக்குக் கட்டைகள் நான்கு நிறுத்தினால் போதும் என்றார். அவரிடம் மேற்கொண்டு பேசவில்லை. இரண்டாமவர் சற்று யோசித்துவிட்டு, முனைகளைப் பற்றித் தான் கணக்கிடவில்லை, வரைபடம் கொடுத்தால் அதன்படி மறுபடி விலை தருகிறேன் என்று நேர்மையாகச் சொன்னார். அவர் மேல் எனக்கு மதிப்புக் கூடியது. மூன்றாமவர் தன் வரைபடம் மாறியதில் முகம் சுளிக்காமல், குழியை எந்த வரிசையில் தோண்டுவார் என்பதைத் தாளில் வரைந்தே காட்டினார். இருவரும் இப்போது ஒரே அளவுப் பட்டியலில் விலை எழுதித் தந்திருக்கிறார்கள். இரண்டாமவர் 6,12,000, மூன்றாமவர் 6,38,000, இரண்டும் ஜிஎஸ்டி உட்பட. மாடிக் குளியலறையின் ஒழுகலைச் சரி செய்வதும், தட்டி அளந்த 72 சதுர அடிக் கூரைப் பழுதும் இதில் அடக்கம். இரண்டாமவரின் பட்டியலில் முட்டுக் கொடுப்பதற்கு எழுதிய தொகை மூன்றாமவர் எழுதியதில் பாதிகூட இல்லை. 26,000 ரூபாய் வித்தியாசம் ஏறத்தாழ முழுவதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. எத்தனை ஜாக்கி, எத்தனை நாள் வாடகை என்று இரண்டாமவரிடம் கேட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. வேலை நடக்கும்போது அம்மா பின்பக்க அறையிலேயே இருக்கலாமா?

கட்டமைப்பு_கோவை எழுதியது:

அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்ததே பெரிய காரியம். ஜாக்கியின் எண்ணிக்கையும் நாட்களும் இருவருக்கும் ஒன்றாகும் வரை விலையை முடிவு செய்யாதீர்கள். எத்தனை தேவை என்பதை உங்கள் பொறியாளரே வரைபடத்தில் குறித்துவிடட்டும். அப்போது அது பேரத்துக்குரிய வரியாக இருக்காது.

அம்மாவைப் பற்றி: பழைய அடிமானத்தைப் பற்றி முன்பு சொன்ன கவனத்தோடு பொறியாளர் சொன்னபடி குழி தோண்டினால், அந்த நாட்களிலும் தூண் வார்க்கும் நாட்களிலும் தூசியும் ஓசையும்தான் முக்கிய இடர். சுவரில் முதல் வெட்டு விழும் நாளிலிருந்து, இரண்டு பீம்களும் உட்கார்ந்து, கிரவுட் இறுகி, முட்டுகளை எடுத்து, அதன் பிறகு ஒரு வாரம் மாடிச் சுவரில் புது விரிசல் இல்லை என்று உங்கள் பொறியாளர் பார்த்துச் சொல்லும் வரை வீட்டில் யாரும் உறங்கக் கூடாது. மாடியில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அம்மாவை உறவினர் வீட்டுக்கு அழைத்துச் செல்லும் தேதியையும் திரும்ப அழைத்து வரும் தேதியையும் ஒப்பந்ததாரரின் கால அட்டவணையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.